சின்னஞ்சிறு பியூஸ் சொல்லும் எச்சரிக்கை

கல்யாண வீடொன்றுக்குப் போய்விட்டு இரவில் குடும்பத்தோடு காரில் திரும்புகிறீர்கள். கடுகண்ணாவ இறக்கத்தில் மழை பிடித்துக் கொள்கிறது. பின் ஆசனத்தில் பிள்ளைகள் நல்ல தூக்கம். திடீரென வைப்பர் நின்று விடுகிறது. வண்டியை ஓரமாக நிறுத்திய கணவர், எரிந்துபோன பியூஸில் பிள்ளைகள் சாப்பிட்ட சொக்லட்டின் ஈயத்தாளைச் சுற்றிச் செருகுகிறார். வைப்பர் மறுபடி வேலை செய்கிறது. "அல்ஹம்துலில்லாஹ்" என்கிறீர்கள். ஆனால் சகோதரிகளே, உண்மையான ஆபத்து அந்த நிமிடத்தில்தான் ஆரம்பமாகிறது.

பியூஸ் என்பது ஒரு காவல்காரன். வயர் தாங்கக் கூடியதை விட அதிக மின்சாரம் பாய்ந்தால், முதலில் தான் உருகி, வயரைக் காப்பாற்றுகிறது. ஈயத்தாள் உருகிக் காப்பாற்றுமென்று நம்ப முடியாது. கோளாறு நீங்காதிருந்தால் உருகுவது வயரின் உறையாகவே இருக்கும். பழைய காரில் அது தீப்பிடிக்க அதிக நேரம் எடுக்காது.

நம் நாட்டு வீதிகளில் இன்றும் காணப்படும் மொரிஸ் மைனரை எடுத்துக் கொள்ளுங்கள். 1948 முதல் 1971 வரை தயாரிக்கப்பட்ட இந்தக் காரின் பியூஸ் பெட்டியில் வேலை செய்பவை இரண்டே பியூஸ்கள். அவற்றுள் ஒன்றிலேயே வைப்பர், பிரேக் விளக்கு, பெற்றோல் அளவு காட்டி ஆகியன தங்கியுள்ளன. ஆகவே, வைப்பர் நின்றதும் பெற்றோல் முள்ளைப் பாருங்கள். அதுவும் விழுந்திருந்தால் குற்றம் பெரும்பாலும் பியூஸில்தான். அப்போது பிரேக் விளக்கும் எரியாது. பின்னால் வருபவருக்கு நீங்கள் வேகம் குறைப்பது தெரியாது. வைப்பர் மட்டும் நின்றிருந்தால் அதன் மோட்டாரையோ வயரையோ பார்க்க வேண்டும்.

சில வேளைகளில் பியூஸின் கண்ணாடிக்குள் கம்பி அறாமலே இருக்கும். ஆனாலும் மின்சாரம் போகாது. இரு முனைத் தொப்பிகளிலும் அவற்றைப் பிடிக்கும் கிளிப்களிலும் பச்சையாகவோ வெள்ளையாகவோ களிம்பு பிடித்திருப்பதே காரணம். பேருவளை, புத்தளம், கல்முனை போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றால் இது விரைவில் வரும். களிம்பு பிடித்த இடம் சூடேறும். பியூஸ் பெட்டியும் கருகும்.

சுத்தம் செய்வது கடினமல்ல. சாவியை எடுத்து விடுங்கள். பற்றரியிலிருந்து காரின் உடலுக்குப் போகும் வயரை முதலில் கழற்றுங்கள். பழைய மொரிஸ் மைனரில் அது பொசிட்டிவ் பக்கம் இருக்கும், பார்த்துச் செய்யுங்கள். பியூஸை எடுத்து, அதன் முனைகளையும் கிளிப்களையும் மெல்லிய சாண்ட்பேப்பரால் பளபளக்கும் வரை தேய்த்து, உலர்ந்த துணியால் துடையுங்கள். தண்ணீர் படக் கூடாது. தளர்ந்த கிளிப்பை மெதுவாக நெருக்கி, பியூஸை இறுக்கமாகப் பொருத்துங்கள். வெளியே சிறிது வாஸலீன் பூசினால் ஈரம் அணுகாது. கழற்றிய பற்றரி வயரைக் கடைசியில் மாட்டுங்கள்.

புதிய பியூஸ் வாங்கும்போதும் கவனம் தேவை. இந்தப் பழைய ஆங்கிலேயக் கார்களின் பியூஸில் 35 அம்பியர் என்றிருப்பது அது எரியும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 அம்பியரே. வேறு வகைப் பியூஸ்களில் 35 என்றால் தொடர்ந்தே அவ்வளவைத் தாங்கும். இலக்கத்தை மட்டும் பார்த்து வாங்கினால் காவல்காரன் உறங்கி விடுவான். சரியான வகையில் இரண்டை வாங்கிக் காரிலேயே வைத்திருங்கள். புதியதும் உடனே எரிந்தால் மூன்றாவதைத் தேட வேண்டாம். எங்கோ வயர் உரசுகிறது. வாகன மின்வேலை தெரிந்த பாஸிடம் காட்டுங்கள்.

"இது ஆம்பிளைகளின் வேலை" என்று ஒதுங்கி விடாதீர்கள். அந்தக் காரில் பயணிப்பது உங்கள் பிள்ளைகள். அவர்கள் அல்லாஹ் உங்களிடம் தந்த அமானிதம். ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டுத் தவக்குல் வைப்பது நமக்குக் கற்றுத் தரப்பட்ட வழியல்ல. அடுத்த பயணத்துக்கு முன் பியூஸ் பெட்டியை ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஈயத்தாள் ஏதும் இருந்தால் அன்றே அகற்றச் செய்யுங்கள். பிறகு பயண துஆவை ஓதிப் புறப்படுங்கள். இன்ஷா அல்லாஹ், பத்திரமாக வீடு வந்து சேர்வீர்கள்.