பூட்டிய கதவும் தீராத ஐயமும்

வீட்டைப் பூட்டிவிட்டுப் புறப்படுகிறீர்கள். தெருமுனையை அடைந்ததும், "பூட்டினோமா?" என்று ஓர் ஐயம். திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்ததும் ஐயம் தீர்ந்துவிடுகிறது. இருபது முறை இழுத்துப் பார்த்தும் ஐயம் தீராதவர்கள் உண்டு. கை தூய்மையாக இருக்கிறது என்று அறிந்தும், தோல் உரியுமளவு கழுவுவோர் உண்டு. இதுவே எண்ணச் சுழற்சி நோய். நூற்றுக்கு ஏறத்தாழ இருவர் வாழ்நாளில் இதற்கு ஆளாகின்றனர். மன உறுதி இல்லாமையால் வருவதன்று இது. மூளையின் செயல்பாட்டோடு தொடர்புடையது.

மூளையில் ஒரு நரம்பணு மற்றொன்றோடு ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. இடையே மில்லிமீட்டரில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு அளவே உள்ள இடைவெளி. அதைக் கடந்து செய்தி சொல்லும் தூதுவர்களுள் ஒன்று செரட்டோனின் என்னும் வேதிப்பொருள். 1948-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ராப்போர்ட், கிரீன், பேஜ் ஆகிய மூவர் இதனை இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்தனர். செய்தி சொல்லி முடித்த செரட்டோனினை, அனுப்பிய நரம்பணுவே மீண்டும் உள்ளிழுத்துக் கொள்கிறது.

மனச்சோர்வுக்கான குளோமிப்ரமின் என்ற மருந்து, இவ்வாறு உள்ளிழுப்பதைத் தடுக்கிறது. அது எண்ணச் சுழற்சியையும் தணிப்பதை 1960-களில் ஸ்பெயின் நாட்டு மருத்துவர்கள் கண்டனர். டெசிப்ரமின் அதே குடும்பத்து மருந்து. அதுவும் மனச்சோர்வைப் போக்கும். ஆனால் அது முதன்மையாக நார்அட்ரினலின் என்னும் வேறொரு தூதுவன்மீது செயல்படுவது. 1980-களில் இரண்டையும் ஒப்பிட்டபோது, இந்நோயைத் தணித்தது குளோமிப்ரமினே. செரட்டோனின்மீது அறிஞர் கண் பட்டது இப்படித்தான். இன்று முதலில் தரப்படும் ஃபுளுவாக்சிடின் போன்ற மருந்துகளும் இவ்வழியிலேயே செயல்படுகின்றன.

அப்படியானால் செரட்டோனின் குறைவதுதான் நோய்க்குக் காரணமா? அவசரப்பட வேண்டாம். பாரசிட்டமால் காய்ச்சலைத் தணிக்கிறது. அதனால் பாரசிட்டமால் குறைந்தே காய்ச்சல் வந்தது என்போமா? மேலும், மருந்து உள்ளிழுப்பைத் தடுப்பது சில மணி நேரத்திலேயே நிகழ்கிறது. முழுப்பலன் தெரியவோ எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகின்றன. இந்த இடைக்காலத்தில் நரம்பணுக்களும் அவற்றின் இணைப்புகளும் மெல்ல மெல்லத் தம்மை மாற்றியமைத்துக் கொள்கின்றன எனக் கருதப்படுகிறது.

மருந்தில்லாத வழியும் ஒன்று உண்டு. அஞ்சும் பொருளைத் தொடச் செய்து, கை கழுவாமல் இருக்கப் பழக்குவார்கள். பதற்றம் உச்சத்துக்கு ஏறி, பிறகு தானே தணியும். 1992-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஆய்வாளர்கள் மூளையைப் படம்பிடித்துப் பார்த்தனர். ஃபுளுவாக்சிடினால் குணம் கண்டவர்களிடமும், இத்தகைய பயிற்சியால் குணம் கண்டவர்களிடமும், மூளையின் ஆழத்திலுள்ள காடேட் என்னும் பகுதியின் வேகம் குறைந்திருந்தது. வழிகள் இரண்டு, போய்ச் சேரும் இடம் ஒன்று!

எனவே, "இரண்டு வாரம் சாப்பிட்டேன், பலனில்லை" என்று மாத்திரையைத் தாமே நிறுத்திவிடுவது, விதைத்த மறுநாளே மண்ணைக் கிளறிப் பார்ப்பது போன்றதே. முதல் மருந்து எல்லாருக்கும் பலன் தருவதில்லை. அளவைக் கூட்டுவதா, மருந்தை மாற்றுவதா, பயிற்சியையும் சேர்ப்பதா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். அதுவரை பொறுத்திருக்க நோயாளிக்குத் துணை நிற்பது நம் பொறுப்பு.