நீலகிரியில் விவசாயம் சொல்லிக்கொடுப்பது யார்? ஒரு தொண்டு நிறுவனம் 30 ஆண்டுகளாகத் தேடும் பதில்

ஊட்டி பெர்ன்ஹில்லில் மத்திய அரசின் மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. சரிவான நிலத்தில் மழை மண்ணை அடித்துக்கொண்டு போகாமல் தடுப்பது எப்படி என்று 1954-லிருந்து ஆராய்கிறது, பயிற்சியும் தருகிறது. அது அரசு ஏற்பாடு. ஆனால், காட்டோரம் கொஞ்சம் நிலத்தில் சாமையும் ராகியும் விதைக்கிற இருளர், குறும்பர் குடும்பங்களுக்கு யார் சொல்லிக்கொடுப்பது? இல்ல, அவங்ககிட்டதான் நாம கத்துக்கணுமா?

அங்கிருந்து சுமார் 30 கி.மீ. தள்ளி, கோத்தகிரியில் இயங்கும் கீஸ்டோன் ஃபவுண்டேஷன் இந்த இரண்டாவது கேள்வியைத்தான் பிடித்துக்கொண்டது.

யார் இவர்கள்?

மேத்யூ ஜான், பிரதிம் ராய், சினேகலதா நாத் ஆகிய மூவரும் 1993-ல் தொடங்கிய லாப நோக்கமற்ற அமைப்பு இது. ஆரம்பப்புள்ளி வயல் அல்ல, தேன். பாறைகளில் கயிறு கட்டி இறங்கித் தேன் எடுக்கும் பழங்குடி மக்களைத் தேடிப்போனவர்கள், அந்த மக்களின் நிலம், விதை, காடு, சந்தை என அடுத்தடுத்த பிரச்சினைகளுக்குள் வந்து சேர்ந்தார்கள்.

சிறுதானியம் ஏன் குறைந்தது?

"இந்தத் தலைமுறைக்கு விவசாயம் பிடிக்கல" என்று சொல்லிவிடலாம். விஷயம் அவ்வளவு சுலபம் இல்லை. காட்டோர நிலத்தில் கதிர் முற்றும்போது பன்றி வரும், யானை வரும், கிளி வரும். ராத்திரி முழுக்கப் பரண் மேல் காவல் இருக்கணும். ஊரே விதைத்தால் காவலைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். சேதமும் பரவலாகப் போகும். ஒரே ஒருவர் மட்டும் விதைத்தால், மொத்தக் கூட்டமும் அவர் நிலத்தில்தான் இறங்கும். அடுத்த வருஷம் அவரும் விட்டுவிடுவார். அவரோடு விதையும் போய்விடும்.

அதனால்தான் இங்கே விவசாயப் பயிற்சி என்பது தனி ஆளுக்கு உரம் போடச் சொல்லித்தருவதோடு முடியாது. ஊரைச் சேர்த்து உட்காரவைத்துப் பேசுவதும் பாடத்தில் வரும்.

வகுப்பறை எப்படி இருக்கும்?

2015-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நீலகிரி கள கற்றல் மையத்தைக் கீஸ்டோன் தொடங்கியது. அங்கிருந்து வரும் மாணவர்களும் இங்குள்ள பழங்குடி இளைஞர்களும் சேர்ந்து படிப்பார்கள்; கிராமங்களுக்குச் சேர்ந்தே ஆய்வுக்குப் போவார்கள். ஒருவருக்குப் புள்ளிவிவரம் தெரியும். இன்னொருவருக்கு எந்த மரம் எப்போது பூக்கும் என்று தெரியும். ரெண்டுமே அறிவுதான் என்று ஒப்புக்கொள்வதில் தொடங்குகிறது பாடம்.

வகுப்புக்கு வர முடியாதவர்களுக்கு 'ரேடியோ கோத்தகிரி' 90.4 எஃப்.எம். சமுதாய வானொலி இருக்கிறது. பழங்குடி மக்களின் மொழிகளிலேயே நிகழ்ச்சிகள் வருகின்றன.

காசு எங்கிருந்து?

தொண்டு நிறுவனங்களின் நிஜமான பரீட்சை இதுதான். நிதி தருபவர் திட்டத்துக்கு இரண்டு, மூன்று ஆண்டு கெடு வைப்பார். மண் வளம் திரும்புவதற்கு அந்தக் கெடு போதாது. பணம் நின்றால் பயிற்சியும் நிற்கும்.

இதற்கு இவர்கள் கண்ட வழி, வியாபாரத்தைத் தனியே பிரித்து உரிமையை மக்களிடம் கொடுப்பது. விற்பனைக்கு 2010-ல் 'லாஸ்ட் ஃபாரஸ்ட்' வந்தது. 2013-ல் 'ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம்' பதிவானது. தேன், காபி, மிளகு, சிறுதானியம் விளைவிக்கும், சேகரிக்கும் பழங்குடி மக்களே அதன் பங்குதாரர்கள். ஐ.நா. வளர்ச்சித் திட்டம் வழங்கும் ஈக்வேட்டர் விருது 2021-ல் ஆதிமலைக்குக் கிடைத்தது.

நமக்கு இதில் என்ன?

நிறுவனர்கள் எத்தனை நாள் இருப்பார்கள் என்பது எல்லாத் தொண்டு அமைப்புகளையும் துரத்தும் கேள்வி. பயிற்சி பெற்றவர்களே கணக்கு எழுதி, விலை பேசி, நிர்வாகக் குழுவில் உட்கார்ந்தால்தான் அதற்குப் பதில் கிடைக்கும். கோத்தகிரியில் அந்தக் கைமாற்றம் நடந்துகொண்டிருக்கிறது.

அடுத்த முறை ஊட்டி போனால், 'மலைத்தேன்' என்று எழுதிய பாட்டிலை எடுத்ததும் விலையை மட்டும் பார்க்காதீங்க. யார் எடுத்த தேன், லாபத்தில் அவருக்குப் பங்கு உண்டா என்று ஒரு வார்த்தை கேளுங்க. சாமையை விதைக்கிறவர் அடுத்த வருஷமும் விதைப்பாரா என்பது, அந்தக் கேள்வியைக் கேட்டு வாங்கும் ஆட்கள் எத்தனை பேர் என்பதையும் பொறுத்தது.