உண்மைக் குற்றவாளி யார்?

விளையாட்டு சூடுபிடிக்கும் நேரத்தில் கம்ப்யூட்டர் நின்றுவிடுகிறதா? பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உள்ளே தூசி தட்டுங்கள். பிறகு விசிறி சுற்றுகிறதா என்று பாருங்கள்.

அப்படியும் நின்றால்?

கம்ப்யூட்டரின் மூளை பிராசசர். இன்டெல் கம்பெனியின் 13, 14-வது தலைமுறைப் பிராசசர் உள்ள மேஜைக் கம்ப்யூட்டர்கள் சில, ஆட்டத்தின் நடுவே நின்றன. "வீடியோ மெமரி போதவில்லை" என்றது திரை. பாவம், பழி கிராபிக்ஸ் கார்டு மீது விழுந்தது!

குற்றவாளியோ பிராசசர்! அளவுக்கு மீறி மின் அழுத்தம் கேட்டு வாங்கி, தன்னையே கெடுத்துக்கொண்டது. 2024-ல் இன்டெல் இதை ஒப்புக்கொண்டு, திருத்தம் வெளியிட்டது. மதர்போர்டின் 'பயாஸ்' வழியாக அதை ஏற்ற வேண்டும்.

ஆனால், ஏற்கனவே கெட்ட பிராசசர் அதனால் பிழைக்காது. மாற்றத்தான் வேண்டும். இந்த ரகங்களுக்கு வாரண்டியை 2 ஆண்டு நீட்டியிருக்கிறார்கள். ரசீதைத் தேடி எடுங்கள்!