நாடுகாணியில் சொத்தைப் பல்: அன்றும் இன்றும்

கூடலூரிலிருந்து வரும் சாலை நாடுகாணியில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை தேவாலா, பந்தலூர் என்று தேயிலைக்குள் நுழைகிறது. மற்றொன்று மலையிறங்கி வழிக்கடவு, நிலம்பூர் போய்ச் சேர்கிறது. ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன் இந்தப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவருக்குக் கடைவாய்ப்பல் சொத்தையானால் இரண்டு சாலைகளாலும் பயனிருக்கவில்லை. அவர் போகக்கூடிய இடம் தோட்டத்து டிஸ்பென்சரி. அங்கே நடக்கக்கூடியது ஒன்றுதான்: பல்லைப் பிடுங்குவது. இன்று அதே பல்லின் குழியைச் சுத்தம் செய்து அடைக்கலாம். சொத்தை நரம்பைத் தொட்டிருந்தாலும் வேர் சிகிச்சை செய்து நிறுத்தி வைக்கலாம், மேலே உறை போட்டு இன்னும் பல ஆண்டுகள் மெல்லலாம். இந்த வசதிகள் கூடலூர் வரை வந்துவிட்டன. எல்லார் வாய்க்கும் வந்து சேர்ந்தனவா என்பது வேறு கேள்வி.

டிஸ்பென்சரிக்குப் போவதற்கு முன்பே அன்று வீட்டு வைத்தியம் ஒரு சுற்று முடிந்திருக்கும். கிராம்பை நசுக்கிப் பல்லில் வைப்பார்கள். கண்டங்கத்திரி விதையைத் தணலில் இட்டு அந்தப் புகையை வாய்க்குள் பிடிக்கச் சொல்வார்கள். புகை பட்டால் பல்லுக்குள் இருக்கும் பூச்சி விழுந்துவிடும் என்பது நம்பிக்கை. அப்படி ஒரு பூச்சி இல்லை. வாயில் வாழும் கிருமிகள் மாவையும் சர்க்கரையையும் அமிலமாக மாற்றுகின்றன, அந்த அமிலம்தான் பல்லைக் கரைக்கிறது என்று பெர்லினில் ஆய்வு செய்த அமெரிக்கப் பல் மருத்துவர் வில்லோபி மில்லர் 1890இல் விளக்கினார். ஆனால் கிராம்பு அப்படித் தள்ளுபடியாகவில்லை. அதிலுள்ள யூஜினால் வலியை மட்டுப்படுத்தக்கூடியது. துத்தநாக ஆக்சைடுடன் அதைக் குழைத்துச் செய்யும் பசையால் குழியைத் தற்காலிகமாக மூடி வைப்பது இன்றும் வழக்கம். பல் கிளினிக்கின் கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறும் மணத்தில் பாதி, பாட்டிமார் அஞ்சறைப்பெட்டியில் வைத்திருந்த அதே மணம்.

டிஸ்பென்சரி இருந்ததற்குச் சட்டமும் காரணம். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளர்களுக்கு மருத்துவ வசதி செய்து தரும் பொறுப்பை நிர்வாகங்களின் மேல் வைத்தது. 1964இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கை மலையகத்திலிருந்து வந்து இறங்கியவர்களுக்கு வாழ்வளிக்க, 1968இல் வனத்துறையின் கீழ் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கின. 1976இல் அவை டான்டீ என்ற கழகமாயின. தேவாலாவிலும் பந்தலூரிலும் சேரம்பாடியிலும் குடியேறிய அந்தக் குடும்பங்களுக்கு லயம் எனும் வரிசைக் குடியிருப்பும் புதிதல்ல, தோட்டத்து மருந்துக்காரரும் புதிதல்ல. காய்ச்சல், பிரசவம், அட்டைக்கடி, கவாத்துக் கத்தி பட்ட வெட்டு, இவைதான் மருந்துக்காரரின் அன்றாடம். பல் வலியும் அவரிடமே வந்தது. சாயும் நாற்காலி கிடையாது, துளைக்கும் கருவி கிடையாது, குறடு உண்டு. மரத்துப்போகும் ஊசி கையிருப்பில் இருந்தால் போடுவார். காலையில் பல்லைக் கொடுத்துவிட்டு, பஞ்சைக் கடித்தபடி மறுபடி மலைக்கு ஏறியவர்கள் உண்டு.

வலி அதோடு தீர்ந்தது, இழப்பு அங்கேதான் தொடங்கியது. கடைவாயில் ஒரு பல் போனால் பக்கத்துப் பல் அந்த இடைவெளியை நோக்கிச் சாய்கிறது. எதிர்த் தாடையின் பல் மெல்ல நீண்டு இறங்குகிறது. பல் இல்லாத இடத்தில் தாடை எலும்பு வருடா வருடம் கரைகிறது. பிறகு ஒரு பக்கமாகவே மெல்வது, அந்தப் பக்கமும் தேய்வது. வெற்றிலை பாக்கோடு புகையிலையும் சேர்ந்தால் ஈறும் போகும். நாற்பது வயதுக்குள் கடைவாய்ப் பற்களை வரிசையாக இழந்து, சோற்றைக் குழைத்தே உண்ட பெண்கள் தோட்டங்களில் இருந்தார்கள். அதை அவர்கள் நோயாக நினைக்கவில்லை, வயதாக நினைத்தார்கள். அன்றைய நிலையில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

அதே காலத்தில் நகரத்தில் பல்லைக் காப்பாற்றும் வித்தை இருந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியின் பல் மருத்துவப் பிரிவு 1953இல் தொடங்கியது. அங்கே பயின்றவர்கள் அடைக்கப் பயன்படுத்தியது பெரும்பாலும் வெள்ளிக் கலவை. வெள்ளி, தகரம், செம்பு கலந்த பொடியைச் சிறு கல்வத்தில் இட்டுப் பாதரசம் சேர்த்து அரைப்பார்கள், மிஞ்சிய பாதரசத்தைத் துணியில் வைத்துப் பிழிந்தெடுப்பார்கள், வாய்க்குள் அழுத்தி அடைப்பார்கள். கலவையின் எடையில் ஏறத்தாழ பாதி பாதரசம். குழி தோண்ட முதலில் இருந்தது, தையல் இயந்திரத்தைப் போலக் காலால் மிதித்து ஓட்டும் துளைகருவி. ஜேம்ஸ் மாரிசன் 1871இல் உரிமம் பெற்ற கருவி அது. மின்சாரம் எட்டாத ஊர்களில் நெடுங்காலம் இதுவே ஓடியது. 1957இல் காற்றழுத்தத்தால் சுழலும் துளைகருவி சந்தைக்கு வந்தது. சுழற்சி, நிமிடத்துக்குச் சில ஆயிரத்திலிருந்து லட்சக்கணக்கில் ஏறியது. மண்டை அதிரும் நீண்ட ராவல், சில நிமிட விசில் சத்தமாகச் சுருங்கியது.

அன்றைய முறையில் இன்னொரு விலையும் இருந்தது. வெள்ளிக் கலவை பல்லோடு ஒட்டாது. அது விழாமல் நிற்க, அடி அகன்று வாய் குறுகிய குழி வேண்டும். அதற்காக நல்ல பல்லையும் சேர்த்து வெட்டினார்கள். பின்னால் சொத்தை வரக்கூடிய பள்ளங்களையும் முன்கூட்டியே தோண்டி அடைத்துவிட வேண்டும் என்பது அமெரிக்கரான ஜி. வி. பிளாக் வகுத்த விதி. மூன்று தலைமுறை மருத்துவர்கள் அதை மனப்பாடம் செய்தார்கள். இன்றைய பாடம் ஏறத்தாழ நேர்மாறு: கெட்டதை மட்டும் எடு, மற்றதைத் தொடாதே.

இதைச் சாத்தியமாக்கியது ஒட்டும் தன்மை. எனாமலின் மேல் சற்று அமிலம் தடவி அதைச் சொரசொரப்பாக்கினால் பிசின் பற்றிக்கொள்ளும் என்று பல் ஆய்வாளர் புவோனோகோர் 1955இல் காட்டினார். 1960களின் தொடக்கத்தில் ரஃபேல் போவன் கண்ணாடித் துகள் கலந்த புதிய பிசினை உருவாக்கினார். இன்று பல்லின் நிறத்திலேயே அடைத்து, நீல ஒளியைச் சில நொடி காட்டி இறுக்கும் பொருள் அதன் வழிவந்தது. முன்பல் உடைந்த பள்ளிப் பையன் ஒரு மணி நேரத்தில் பழைய முகத்தோடு எழுந்துபோகிறான். வாயை மூடிக்கொண்டே சிரித்த ஒரு தலைமுறைக்கு இது கிடைத்திருக்க வேண்டும்.

தங்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் வசதியுள்ளவர்களின் சொத்தைப் பல்லைத் தங்கத் தகட்டால் அடைத்தார்கள். மெல்லிய தகட்டைக் குழிக்குள் தட்டித் தட்டி ஒன்றாக்கும் முறை 1850களில் பரவியது. அதற்குக் கால் நூற்றாண்டுக்குப் பின், நாடுகாணியை அடுத்த தேவாலாவிலும் பந்தலூரிலும் தங்க வேட்டை நடந்தது. 1880ஐ ஒட்டி, வயநாட்டுத் தங்கம் எனப்பட்ட இதை நம்பி லண்டனில் 30க்கும் மேற்பட்ட கம்பெனிகள் முளைத்தன. சில ஆண்டுகளில் எல்லாம் நொடித்தன. சுரங்கக் குழிகள் காட்டுக்குள் இன்னும் கிடக்கின்றன. அந்தக் குழிகளை வெட்டிய கூலிகளின் பல்லுக்கு யாரும் தங்கம் அடைக்கவில்லை.

வெள்ளிக் கலவை இப்போது விடைபெற்றுக்கொண்டிருக்கிறது. பாதரசத்தைக் குறைப்பதற்கான மினமாட்டா உடன்படிக்கை 2013இல் கையெழுத்தாகி 2017இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018இல் அதை ஏற்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 தொடக்கம் முதல் வெள்ளிக் கலவையின் பயன்பாட்டை ஏறக்குறைய முழுவதுமாக நிறுத்திவிட்டது. சுற்றுச்சூழலுக்கு இது நல்லது. ஆனால் வெள்ளியின் குணத்தை மறக்கக்கூடாது. ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும், மலிவு, கடைவாயில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் அசையாமல் கிடக்கும். பல் நிறப் பிசினுக்கு உலர்ந்த பல் வேண்டும், பொறுமையான கை வேண்டும், கூடுதல் பணமும் வேண்டும். வாயில் பழைய வெள்ளி அடைப்பு நன்றாக இருப்பவர்கள் பாதரசத்துக்குப் பயந்து அதைத் தோண்டி எடுக்க வேண்டியதில்லை. எடுக்கும்போதுதான் ஆவி அதிகம் வெளிப்படும்.

மலை ஊருக்கு ஏற்ற பொருள் என்று நான் நினைப்பது வேறொன்று. லண்டன் அரசு ஆய்வகமொன்றில் வில்சனும் கென்ட்டும் 1970ஐ ஒட்டி உருவாக்கிய கிளாஸ் அயனோமர். அது பல்லோடு ரசாயன முறையில் தானே ஒட்டுகிறது, சிறிது சிறிதாக ஃபுளோரைடையும் வெளியிடுகிறது. 1980களின் நடுவில் தான்சானியாவில், மின்சாரமில்லாத கிராமங்களுக்கென்று ஒரு முறை பிறந்தது. கைக்கருவியால் மட்டும் சொத்தையைச் சுரண்டி எடுத்து, அயனோமரைக் குழைத்து அடைப்பது. துளைகருவி வேண்டாம், பெரும்பாலும் ஊசியும் வேண்டாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை விடாமல் அடித்து, மரம் விழுந்து மின்சாரம் அடிக்கடி போகும் ஒரு வட்டாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான முறை எது?

வேர் சிகிச்சையின் மாற்றம் இன்னும் பெரிது. முன்பு நரம்பைச் சாகடிக்க ஆர்செனிக் பசை வைத்து மூடி அனுப்பிய காலம் இருந்தது. பிறகு எஃகு ஊசிகளைக் கையால் திருகி, வாரக்கணக்கில் நாலைந்து முறை வரச் சொன்னார்கள். வளைந்த வேரில் ஊசி முறிவதும் உண்டு. 1988இல் நிக்கல்–டைட்டானிய உலோகத்தில் வளையும் ஊசி பற்றிய ஆய்வு வெளியானது. இன்று அது மோட்டாரில் சுழல்கிறது, வேரின் நீளத்தை மின்கருவி சொல்கிறது, பல நேரம் ஒரே அமர்வில் வேலை முடிகிறது. சுத்தம் செய்த குழாயை நிரப்பும் பொருள் மட்டும் மாறவில்லை: மலேயக் காட்டு மரத்தின் பாலான கட்டாபெர்ச்சா, 19ஆம் நூற்றாண்டிலிருந்து அதே இடத்தில் இருக்கிறது. மேலே போடும் உறை, உலோகத்திலிருந்து பீங்கானுக்கும் பிறகு சிர்கோனியாவுக்கும் வந்துவிட்டது.

இத்தனையும் வந்த பின்னும் நாடுகாணிச் சுற்றுவட்டாரத்தில் பிடுங்கிக்கொள்பவர்கள் குறையவில்லை என்றால், காரணம் அறியாமை அல்ல. தனியார் கிளினிக்கில் வேர் சிகிச்சையும் உறையும் சேர்ந்தால் தோட்டத் தொழிலாளியின் ஒரு வாரக் கூலியைத் தாண்டிவிடும். கூடவே, மலைக்குப் போகாத ஒவ்வொரு நாளும் ஒரு பேர், அதாவது ஒரு நாள் கூலி, போகும். மூன்று முறை வரச் சொன்னால் மூன்று பேர், பேருந்துச் செலவு தனி. மாலை பிந்தினால் யானை நிற்கும் சாலையில் திரும்ப வேண்டும். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மாவட்டத்துக்குப் பெரிய பேறு. ஆனால் நாடுகாணியிலிருந்து அது 60 கிலோமீட்டருக்கும் மேல், நடுவட்டம் ஏறிப் போக வேண்டும். அன்று பல்லைக் காக்கும் வித்தை தொலைவில் இருந்தது, மருந்துக்காரர் லயத்துக்குப் பக்கத்தில் இருந்தார். இன்று வித்தை நெருங்கிவிட்டது, மருந்துக்காரர் இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறார். தோட்டங்கள் நலிய நலியப் பல டிஸ்பென்சரிகள் பெயரளவில் நிற்கின்றன.

நெருக்கத்தை மறுபடி உருவாக்க முடியாது என்றும் இல்லை. 1990இல் தொடங்கிய கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை, பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் குடிகளிலிருந்தே நலப் பணியாளர்களைப் பயிற்றுவித்து ஊருக்குள் அனுப்பியது. நோயாளி வரட்டும் என்று காத்திராமல் தேடிப்போன அந்த ஏற்பாட்டில், பல் மருத்துவம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

ஏனென்றால் நோய் குறையவில்லை. 2002–03இல் நடந்த தேசிய வாய்நலக் கணக்கெடுப்பில் 12 வயதுப் பிள்ளைகளில் பாதிக்கு மேல், 35–44 வயதினரில் ஏறக்குறைய 80 சதவீதம் பேருக்குச் சொத்தை இருந்தது. கேழ்வரகுக் களியும் கிழங்கும் உண்ட வீடுகளில் இன்று பத்து ரூபாய் பாக்கெட்டுகள் தொங்குகின்றன. பல்துலக்கியும் பற்பசையும் வந்துவிட்டன, கரியும் பல்பொடியும் போய்விட்டன. அது ஆதாயம்தான், ஆனால் சர்க்கரை அதைவிட வேகமாக வந்தது. பள்ளிப் பிள்ளைகளின் பல்லைப் பார்ப்பது 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் உண்டு. தமிழக அரசும் 2023இல் ‘புன்னகை’ என்ற பெயரில் பள்ளிப் பல் பாதுகாப்பைத் தொடங்கியது. சொத்தையின் மேல் துளி தடவினால் அதை அப்படியே நிறுத்திவைக்கும் வெள்ளி ஃபுளோரைடு மருந்தையும், கிளாஸ் அயனோமரையும் 2021இல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. அந்தத் துளி பல்லைக் கறுப்பாக்கும். பால்பல்லின் கடைவாயில் அந்தக் கறுப்பைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. இரண்டையும் ஒரு பையில் போட்டு எந்தத் தோட்டத்துப் பள்ளிக்கும் எடுத்துப்போகலாம்.

பெரியவர்களுக்கு வேண்டியது சிர்கோனியா அல்ல. தோட்டம் விடுமுறை விடும் ஞாயிற்றுக்கிழமையில், நாடுகாணிக்கோ தேவாலாவுக்கோ ஒரு பல் மருத்துவர் வந்து, ஒரே அமர்வில் வேலையை முடித்துத் தர வேண்டும்.