பழைய டிரெய்லரை வீடாக மாற்ற ஆசையா? சாயம் பூசும் முன் கூரையைப் பாருங்கள்

டிக்டாக்கில் பார்த்திருப்பீர்கள். அழுக்குப் படிந்த பழைய டிரெய்லர் ஒன்று. அரை நிமிடத்தில் வெள்ளைச் சுவர், மரத் தரை, ஜன்னலோரம் ஒரு பூச்செடி என்று ஆளே மாறிவிடும். "நாமும் இப்படி ஒண்ணு செஞ்சா என்ன?" என்று தோன்றும்.

இருங்க. அந்த அரை நிமிடத்தில் காட்டாத வேலைதான் அதிகம்.

அமெரிக்காவில் இவற்றை ஆர்வி என்பார்கள். சொந்த இஞ்சின் உள்ளது மோட்டார்ஹோம். வேறு வாகனம் இழுத்துச் செல்வது டிரெய்லர். இரண்டுமே பெரும்பாலும் விடுமுறைப் பயணத்துக்காகச் செய்யப்பட்டவை. ஆண்டு முழுவதும் குடியிருக்க அல்ல. ஆனால் வீட்டு வாடகை கட்ட முடியாமல் இவற்றில் குடியேறியவர்கள் அங்கு ஏராளம். 2008 பொருளியல் நெருக்கடிக்குப் பிறகு அப்படி வாழத் தொடங்கியவர்களைப் பற்றியதுதான் ஆஸ்கார் விருது வென்ற 'நோமட்லேண்ட்' படம். அவர்களுக்கு இது பொழுதுபோக்கு இல்லை. போட்ட காசு வீணானால் அடுத்த வீடு கிடையாது.

எவ்வளவு இடம் கிடைக்கும்? 8 அடி அகலம், 26 அடி நீளம் என்றால் சுமார் 19 சதுர மீட்டர். நம் ஊரில் 36 சதுர மீட்டர் ஈரறை ஃபிளெக்சி வீட்டில் ஏறக்குறையப் பாதி.

முதல் எதிரி தண்ணீர்

பழைய ஆர்வியைக் கெடுப்பது பெரும்பாலும் இஞ்சின் இல்லை, மழை. கூரையில் காற்றுத் துளை, ஆன்டெனா, விளக்கு ஜன்னல் என்று பல இடங்களில் ஓட்டை போட்டிருப்பார்கள். அவற்றைச் சுற்றிப் பூசிய சீலண்ட் வெயிலில் காய்ந்து வெடிக்கும். ஒரு மயிரிழை விரிசல் போதும். தண்ணீர் சுவருக்குள் இறங்கி மரச் சட்டத்தை உளுக்க வைக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

அதனால் வாங்கும் முன் கையை வைத்துப் பாருங்கள். மூலைகளிலும் ஜன்னலுக்குக் கீழேயும் சுவரை அழுத்துங்கள். கதவருகே தரையை மிதித்துப் பாருங்கள். மெத்தென்று அமுங்கினால் உள்ளே பிளைவுட் அழுகியிருக்கிறது. வெளிச்சுவர் கொப்புளம் போல் உப்பியிருந்தாலும் கவனம். ஈரப்பத மீட்டர் விலை அதிகமில்லை, ஒன்றை எடுத்துப் போங்கள். முடிந்தால் மழை பெய்த மறுநாள் போங்கள். "இப்பதான் புதுசா பெயிண்ட் அடிச்சேன்" என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், எதற்காக அடித்தார் என்று கேட்பதில் தப்பில்லை.

கசிவை நிறுத்தாமல் மேலே அழகான பலகை ஒட்டினால், அந்தப் பலகைக்குப் பின்னால் அழுகல் தொடரும். சட்டம் உளுத்திருந்தால் சுவரைப் பிரித்து மரத்தை மாற்றத்தான் வேண்டும்.

எடை என்ற கணக்கு

ஒவ்வொரு வண்டியிலும் அதிகபட்ச மொத்த எடை எவ்வளவு என்று ஒரு தகட்டில் எழுதியிருக்கும். அதற்குள்தான் உங்கள் சாமான், தண்ணீர், நீங்கள் போடும் அலமாரி எல்லாம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 150 லிட்டர் தொட்டியை நிரப்பினால் 150 கிலோ போச்சு. பீங்கான் ஓடு, கல் மேடை எல்லாம் வீடியோவில் அழகு, அச்சுக்குப் பாரம்.

எங்கே பாரம் வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 விழுக்காடு முன்னால், கொக்கி மீது விழ வேண்டும். பின்பக்கம் கனமாகிவிட்டால் வேகத்தில் டிரெய்லர் பாம்பு மாதிரி ஆடும், இழுக்கும் வாகனத்தையும் கவிழ்த்துவிடலாம். வேலை முடிந்ததும் லாரி எடைமேடையில் ஏற்றி நிறுத்துப் பாருங்கள்.

டயரையும் விட்டுவிடாதீர்கள். பக்கவாட்டில் உள்ள குறியீட்டின் கடைசி நான்கு எண்கள் 2316 என்றால், அது 2016ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. வரிகள் புதிதாகத் தெரிந்தாலும் ரப்பருக்கு வயதாகும்.

மின்சாரம், எரிவாயு

அமெரிக்க முகாம்களில் பொதுவான 30 ஆம்ப் இணைப்பு, 120 வோல்ட்டில் 3,600 வாட் வரை தரும். குளிர்சாதனம் ஓடும்போது கெட்டிலும் முடி உலர்த்தியும் போட்டால் மின்சாரம் விழுந்துவிடும். பேட்டரியில் ஓட்டினால் இன்னும் கஷ்டம். 600 வாட் சோற்றுப்பானை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 50 ஆம்புக்கும் மேல் இழுக்கும். அதற்கு மெல்லிய கம்பி போட்டால் சூடாகித் தீப்பிடிக்கலாம். இந்த வேலையை மட்டும் உரிமம் பெற்ற மின்னியலாளரிடம் விடுங்கள். யூடியூப் வேண்டாம்.

அடுப்புக்கான புரோப்பேன் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். அதனால் அதன் எச்சரிக்கைக் கருவியைத் தாழ்வாகப் பொருத்துவார்கள். கார்பன் மோனாக்சைடுக்குத் தனிக் கருவி வேண்டும். அதற்கு வாசனையே கிடையாது. தூக்கத்தில் ஆளைக் கொல்லும்.

சரி, எங்கே நிறுத்துவீர்கள்?

பலர் இதைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். சட்டத்தின் பார்வையில் ஆர்வி ஒரு வாகனம், வீடல்ல. சொந்த நிலத்தில் நிறுத்தினால்கூட அதில் நிரந்தரமாகக் குடியிருக்கப் பல நகரங்கள் அனுமதிப்பதில்லை. 400 சதுர அடிக்குள் உள்ள சிறிய வீடுகளுக்கென 2018இல் மாதிரிக் கட்டட விதிகளில் ஒரு பிற்சேர்க்கை வந்தது. ஆனால் உள்ளூர் நிர்வாகம் அதை ஏற்றால்தான் செல்லும். உங்கள் ஆர்வி அதற்குள் தானாக வந்துவிடாது.

பொது நிலத்தில் பெரும்பாலும் ஓரிடத்தில் 14 நாள் வரைதான் தங்கலாம். அரிசோனா மாநிலத்தின் குவார்ட்சைட் ஊருக்கு அருகே, கட்டணம் கட்டினால் செப்டம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை தங்கவிடும் இடம் உண்டு. மற்றபடி தனியார் முகாம்கள். அங்கேயும் சிலவற்றில் 10 ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிகளைச் சேர்ப்பதில்லை. நீங்கள் ஆறு மாதம் உழைத்துப் புதுப்பித்த வண்டி 1998இல் செய்தது என்றால், வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடலாம். ஆகவே வண்டி தேடும் முன் இரண்டு மூன்று முகாம்களுக்கு ஃபோன் போட்டு, எந்த ஆண்டு வரை ஏற்பீர்கள், மாத வாடகை எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள்.