தமிழ்நாட்டில் பள்ளி ஆசிரியர்களின் ஊதியமும் சமூக மதிப்பும்

தமிழ்நாட்டில் பள்ளி ஆசிரியர்களின் ஊதியம், பணிச்சுமை, அவர்களைப் பற்றிய மக்களின் மதிப்பீடு ஆகியவை கடந்த இருநூறு ஆண்டுகளில் பெரிதும் மாறியுள்ளன. ஊராரின் கொடையை நம்பி வாழ்ந்த திண்ணைப் பள்ளி ஆசிரியர், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மாத ஊதியமும் ஓய்வூதியமும் பெறும் அரசு ஊழியர் ஆனார். மரியாதை ஊதியத்தோடு சேர்ந்து உயரவில்லை. காவிரிப் படுகையில், குறிப்பாக மயிலாடுதுறை வட்டாரத்தில், இம்மாற்றத்தின் பல கட்டங்களைக் காணலாம்.

சொல்லும் பழமொழியும்

பள்ளி ஆசிரியரைக் குறிக்கும் வாத்தியார் என்னும் பேச்சு வழக்குச் சொல் உபாத்தியாயர் என்பதன் திரிபு ஆகும். "வாக்கற்றவனுக்கு வாத்தியார் வேலை, போக்கற்றவனுக்குப் போலீசு வேலை" என்ற பழமொழி தமிழ்நாடெங்கும் வழங்குகிறது. "வாக்குக் கற்றவன்", "போக்குக் கற்றவன்" என்பவையே சரியான வடிவங்கள் என்றும், அவை நாளடைவில் மருவிவிட்டன என்றும் விளக்கம் கூறுவோர் உளர். இவ்விளக்கம் பெரும்பாலும் ஆசிரியர்களாலேயே மேடைகளில் எடுத்துரைக்கப்படுகிறது. மூல வடிவம் எதுவாயினும், மக்கள் இப்பழமொழியை இகழ்ச்சிப் பொருளிலேயே ஆள்கின்றனர் என்பது கவனிக்கத்தக்கது.

திண்ணைப் பள்ளி ஆசிரியர்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தஞ்சைப் பகுதிச் சிற்றூர்களில் ஆசிரியரின் வீட்டுத் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ பள்ளி நடைபெற்றது. பிள்ளைகள் விடியற்காலையிலேயே வந்துவிட வேண்டும். மணலில் எழுத்துப் பழகிய பின் ஓலைச்சுவடிக்கு மாறுவர். ஆசிரியருக்கு உதவியாக மூத்த மாணவன் ஒருவன் சட்டாம்பிள்ளையாக இருந்து மற்றவர்களைக் கண்காணித்தான். தண்டனைகள் கடுமையானவை. உ. வே. சாமிநாதையர் தமது "என் சரித்திரம்" நூலில் இப்பள்ளிகளைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார்.

ஆசிரியரின் வருவாய் பிள்ளைகளின் பெற்றோரிடமிருந்து சிறு தொகையாகவும் நெல்லாகவும் வந்தது. நவராத்திரிக் காலத்தில் பிள்ளைகளை வீடு வீடாக அழைத்துச் சென்று பாடச் செய்து அன்பளிப்புப் பெறும் வழக்கமும் உண்டு. ஆகவே அறுவடை பொய்த்த ஆண்டில் ஆசிரியரின் வயிறும் காய்ந்தது. மிராசுதார் மனம் கோணினால் பள்ளியே கலையக்கூடும். கிராமத்தில் அவருக்குக் கிடைத்த மரியாதை உண்மையானது. ஆனால் அது பிறரைச் சார்ந்து வாழ்ந்தவருக்குக் கிடைத்த மரியாதை. ஒடுக்கப்பட்ட சாதியினரின் பிள்ளைகளுக்கு இப்பள்ளிகளில் பொதுவாக இடமில்லை. எனவே "ஊரே மதித்த வாத்தியார்" என்னும்போது அவ்வூரில் சேரி அடங்காது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

உயர்கல்வி நிலையிலும் இதே சார்பு இருந்தது. மாயூரத்தில் (இன்றைய மயிலாடுதுறை) வாழ்ந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் 1871 இல் சாமிநாதையர் மாணவராகச் சேர்ந்தார். பிள்ளையவர்கள் மாணவர்களிடம் ஊதியம் பெறாமல் பாடம் சொன்னதோடு பலருக்கு உணவும் அளித்தார். திருவாவடுதுறை ஆதீனம் அவரை ஆதரித்தது. அப்படியிருந்தும் 1876 இல் அவர் மறைந்தபோது கடன் தீரவில்லை. அவருடைய மாணவரோ 1880 இல் கும்பகோணம் கல்லூரியில் 50 ரூபாய் மாத ஊதியத்தில் தமிழாசிரியரானார். ஒரு தலைமுறை இடைவெளியில் ஆசிரியத் தொழில் கொடையிலிருந்து சம்பளத்துக்கு மாறியதற்கு இவ்விருவரும் நல்ல எடுத்துக்காட்டு.

அரசின் தலையீடு

இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ள தரங்கம்பாடியில் 1706 இல் வந்திறங்கிய சீகன்பால்கு பள்ளிகளை நிறுவியதுடன், 1716 இல் ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பள்ளியையும் தொடங்கினார்.

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822 இல் உள்நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். 1826 ஆம் ஆண்டு அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். ஆசிரியர்கள் பொதுவாக மாதம் ஆறு அல்லது ஏழு ரூபாய்க்கு மேல் ஈட்டுவதில்லை என்றும், தகுதியுள்ளோரை இத்தொழிலுக்கு ஈர்க்க அது போதாது என்றும் அவர் கருதினார். மாவட்டத் தலைமைப் பள்ளி ஆசிரியருக்கு 15 ரூபாயும் தாசில் பள்ளி ஆசிரியருக்கு 9 ரூபாயும் தர அவர் பரிந்துரைத்தார். அவருடைய மறைவுக்குப் பின் இத்திட்டம் நீண்ட காலம் நிலைக்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மாணவர் தேர்ச்சியைப் பொறுத்து மானியம் வழங்கும் முறை நடைமுறையில் இருந்தது. ஆய்வாளர் வரும் நாளில் பிள்ளைகள் சரியாக ஒப்பித்தால்தான் பள்ளிக்குப் பணம். மனப்பாடம் செய்விக்கும் பழக்கம் வேரூன்ற இதுவும் ஒரு காரணம் ஆகும்.

விடுதலைக்குப் பின் நிலைமை மாறத் தொடங்கியது. காமராசர் ஆட்சியில் 1955 இல் ஓய்வூதியம், வருங்கால வைப்பு நிதி, காப்பீடு ஆகிய மூன்றையும் இணைத்த முப்பயன் திட்டம் ஆசிரியர்களுக்குக் கொண்டுவரப்பட்டது. 1981 இல் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்களாக்கப்பட்டனர். இதனால் உள்ளூர்ப் பெரிய மனிதரின் தயவு தேவையற்றதாயிற்று. மறுபுறம், வெளியூரிலிருந்து பேருந்தில் வந்து செல்லும் ஆசிரியரும் உருவானார். "அந்தக் காலத்து வாத்தியார்" பற்றிய ஏக்கத்தின் பெரும்பகுதி ஊரில் குடியிருந்த ஆசிரியரைப் பற்றியதே எனலாம்.

2009 ஊதிய முரண்பாடு

ஆறாவது ஊதியக் குழுவையொட்டித் தமிழக அரசு 2009 இல் புதிய ஊதிய விகிதங்களை அறிவித்தது. தொடக்கப் பள்ளிகளில் பணியாற்றும் இடைநிலை ஆசிரியர்களுக்கு 5,200 - 20,200 ரூபாய் ஊதியக் கட்டும் 2,800 ரூபாய் தர ஊதியமும் நிர்ணயிக்கப்பட்டன. ஏற்கெனவே பணியில் இருந்தவர்களின் பழைய தொடக்க ஊதியமான 4,500 ரூபாய் 1.86 ஆல் பெருக்கப்பட்டு 8,370 ரூபாய் ஆனது. 2009 சூன் 1 அன்றோ அதன் பின்னரோ பணியில் சேர்ந்தவர்களுக்கு இப்பெருக்கல் இல்லை. அவர்கள் 5,200 ரூபாயில் தொடங்கினர். மே 31 வரை சேர்ந்தவருக்கும் மறுநாள் சேர்ந்தவருக்கும் இடையே அடிப்படை ஊதியத்தில் 3,170 ரூபாய் வேறுபாடு ஏற்பட்டது.

இருவரும் ஒரே பள்ளியில் ஒரே வகுப்புகளை நடத்தக்கூடும். அகவிலைப்படி அடிப்படை ஊதியத்தின் விழுக்காடாகக் கணக்கிடப்படுவதால் இடைவெளி ஆண்டுதோறும் அகன்றது. அடுத்த ஊதியத் திருத்தத்தில் ஊதியம் 2.57 ஆல் பெருக்கப்பட்டபோது அது 8,000 ரூபாயைத் தாண்டியது. "சம வேலைக்குச் சம ஊதியம்" என்ற முழக்கத்துடன் பாதிக்கப்பட்டோர் 2018 திசம்பரிலும் 2022 திசம்பரிலும் சென்னையில் உண்ணாநிலைப் போராட்டம் நடத்தினர். 2023 சனவரியில் இதனை ஆராய மூவர் குழு அமைக்கப்படும் என்று அரசு அறிவித்தது.

இதனினும் குறைந்த நிலையில் இருப்போர் பகுதிநேர ஆசிரியர்கள். ஓவியம், உடற்கல்வி, தையல் முதலிய பாடங்களுக்காக 2012 இல் 16,549 பேர் மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் நியமிக்கப்பட்டனர். இத்தொகை பின்னர் சிறிது சிறிதாக உயர்த்தப்பட்டது.

பணிச்சுமை

கல்வி உரிமைச் சட்டம் (2009) ஆசிரியருக்கு வாரத்திற்கு 45 மணி நேரப் பணியை வரையறுக்கிறது. பாடத்திற்கு ஆயத்தம் செய்யும் நேரமும் இதில் அடங்கும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர்ந்த கல்விசாராப் பணிகளில் ஆசிரியர்களை ஈடுபடுத்தலாகாது என்றும் அச்சட்டம் கூறுகிறது. விதிவிலக்கான இம்மூன்றுமே சிறிய பணிகள் அல்ல. கடலோரத்தையும் ஆற்றுமுகத்தையும் கொண்ட மயிலாடுதுறை போன்ற மாவட்டத்தில் புயல், வெள்ளக் காலங்களில் பள்ளிக் கட்டடமே நிவாரண முகாம் ஆகிறது.

ஈராசிரியர் பள்ளிகளில் சுமை மிகுதி. ஐந்து வகுப்புகளை இருவர் பகிர்ந்துகொள்ள, அவர்களுள் ஒருவரே தலைமையாசிரியர். நலத்திட்டப் பொருள்களை வழங்குவதும் பதிவேடுகளையும் இணையவழிப் புள்ளிவிவரங்களையும் நிரப்புவதும் அவருடைய பொறுப்பு. அவர் கூட்டத்திற்குச் செல்லும் நாளில் பள்ளி ஓராசிரியர் பள்ளியாகிவிடுகிறது. கோடை விடுமுறையைக் காணும் பெற்றோருக்கு இவ்வேலைகள் கண்ணில் படுவதில்லை. பல நாடுகளில் நடத்தப்பட்ட 2018 ஆம் ஆண்டின் உலக ஆசிரியர் மதிப்புச் சுட்டெண் ஆய்விலும், ஆசிரியர்களின் பணி நேரத்தைப் பொதுமக்கள் குறைத்தே மதிப்பிடுவது தெரியவந்தது.

மக்கள் பார்வை

2003 சூலையில் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தபோது ஏறத்தாழ 1.7 லட்சம் பேர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு ஆகத்து 6 அன்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தோருக்குப் பழைய ஓய்வூதியம் நிறுத்தப்பட்டு, ஊழியரும் பங்களிக்கும் புதிய திட்டம் கொண்டுவரப்பட்டிருந்தது. 2004 சூலை 16 அன்று கும்பகோணத்தில் தனியார் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்தனர். ஆசிரியர்கள் பிள்ளைகளை விட்டு வெளியேறினர் என்ற குற்றச்சாட்டு காவிரிப் படுகையில் நெடுநாள் பேசப்பட்டது. கூரை வேய்ந்த, நெரிசல் மிகுந்த கட்டடத்தில் குறைந்த சம்பளத்திற்கு அவர்களை அமர்த்தும் பள்ளிமுறை அந்த அளவிற்குப் பேசப்படவில்லை.

2019 சனவரியில் ஆசிரியர், அரசு ஊழியர் அமைப்புகள் பழைய ஓய்வூதியத்தையும் ஊதிய முரண்பாட்டுக்குத் தீர்வையும் கோரி மீண்டும் வேலைநிறுத்தம் செய்தன. பள்ளிகளை நடத்துவதற்கு மாதம் 7,500 ரூபாயில் தற்காலிக ஆசிரியர்களை அமர்த்த அரசு முடிவு செய்தது. பின்னர் இது 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆசிரியர் பட்டம் பெற்று வேலையின்றி இருந்த பலர் விண்ணப்பித்தனர். இத்தனை பேர் குறைந்த ஊதியத்திற்கு வரத் தயாராக இருக்கையில் இவர்களுக்கு ஏன் இவ்வளவு சம்பளம் என்று ஒரு சாரார் கேட்டனர். பட்டம் பெற்றவர்கள் 7,500 ரூபாய்க்கு வரிசையில் நிற்கும் நிலையைத்தான் தாங்கள் எதிர்க்கிறோம் என்று மறு சாரார் விடையளித்தனர்.