கரிசல் இலக்கிய மின்கோப்புகளும் பழைய மென்பொருளின் தேவையும்

முன்னுரை
கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணன், பூமணி, சோ. தர்மன் எனச் சாகித்திய அகாதெமி விருது பெற்ற படைப்பாளர் பலரைத் தந்தது கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் நிலம். இவ்வட்டார வழக்கை ஆராய்வோர்க்கு அச்சு நூலைப் போன்றே கணினி அச்சுக்கோப்பில் உருவான மின்கோப்பும் மூலமாகத்தக்கது. பழைய மென்பொருளைப் புதிய இயங்குதளங்கள் தொடர்ந்து தாங்க வேண்டுமா என்னும் வினாவை இம்மூலங்களின் நோக்கில் இக்கட்டுரை ஆராய்கிறது.

சிக்கலின் இயல்பு
1990களில் தமிழ் நூல்கள் பலவும் பேஜ்மேக்கரில், எட்டு பிட் எழுத்துருக்களைக் கொண்டு அச்சுக்கோக்கப்பட்டன. 1999இல் தமிழக அரசு டாம், டாப் குறியாக்கங்களை ஏற்றது. 2010இல் ஒருங்குறியையும் டேஸ்16ஐயும் தரமாக்கியது. பேஜ்மேக்கரின் இறுதிப் பதிப்பு 2001இல் வெளிவந்தது. விண்டோஸின் 64 பிட் பதிப்புகளில் 16 பிட் மென்பொருள் நேரடியாக இயங்காது; 2019இல் வந்த மேக்ஓஎஸ் கேட்டலினா 32 பிட் மென்பொருளையும் கைவிட்டது. பழைய நிரற்கூறு ஒவ்வொன்றையும் சோதித்துப் பாதுகாப்புக் குறைகளைக் களைவது பெருஞ்செலவாதலின், நிறுவனங்களின் இம்முடிவு காரணமற்றதன்று.

மாற்றத்தால் நேரும் இழப்பு
கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றினால் போதும் என்பர். எட்டு பிட் குறியாக்கங்களில் 'கொ' என்பது கொம்பு, ககரம், கால் எனக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அமையும். ஒருங்குறியில் ககரத்தை அடுத்து ஒகரக் குறி வரும். இவ்வரிசை மாற்றத்தை நிரல் செய்துவிடும். ஆனால் ரகர மெய்க்குக் காலையும் புள்ளியையும் இட்ட பழக்கத்தால் 'அவர்' என்பது 'அவா்' ஆகிவிடுகிறது. பார்வைக்கு ஒன்றாயினும் தேடலில் அகப்படாது.

பொதுத்தமிழில் இப்பிழையைச் சொற்பட்டியல் கொண்டு திருத்தலாம். வட்டார வழக்கில் அவ்வழியே இடராகும். 'கம்மாய்' என்னும் வழக்கைத் திருத்தி 'கண்மாய்' ஆக்கினால் ஆய்வுக்குரிய தரவே அழியும். எது பிழை, எது வழக்கு என்பதை உறுதிசெய்ய, மூலக்கோப்பை அதன் எழுத்துருவுடன் திறந்து ஒப்பிடல் வேண்டும். அதற்குப் பழைய மென்பொருள் இயங்கியாக வேண்டும்.

முடிவுரை
எனவே, ஒவ்வொருவர் கணினியிலும் பழைய மென்பொருள் இயங்க வேண்டுவதில்லை. ஆவணம் காக்கும் இடத்தில் இயங்கினால் போதும். பல்கலைக்கழகத் துறைகள் இணையத் தொடர்பற்ற மெய்நிகர் கணினி ஒன்றில் பழைய இயங்குதளத்தையும், உரிமம் பெற்ற மென்பொருளையும், எழுத்துருக்களையும் பேணலாம். மாற்றிய ஒருங்குறிப் படியோடு மூலக்கோப்பையும் எழுத்துருப் பெயரையும் சேர்த்துக் காத்தல் வேண்டும். மெய்ப்புப் பார்ப்பவர் அவ்வட்டார வழக்கை அறிந்தவராக இருத்தல் இன்றியமையாதது. இப்பணி தாமதமாகுந்தோறும், கோப்பு கையில் இருந்தும் படிக்க இயலாத நிலை நேரும்.